மூலம் என்று மூடிவைக்கலாமா?

கிராமத்துக்கு மலசலகூடம் வேண்டும் என்று மாதர் சங்கங்களிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் நாம் பேசத் தொடங்கி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஆரம்பத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்கள் மெல்ல எழுந்து வெளியே போனார்கள். இன்றோ மூதூர்ப் பிரதேசத்தில் எந்தச் சங்கக் கூட்டத்திலும் குழி எத்தனை அடி ஆழம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கூச்சமின்றிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திய பின்னர் கண்ணில் படுவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மலத்தில் இரத்தம் கண்டால் அது மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. வைத்தியருக்குத் தெரியவருவது எல்லாருக்கும் கடைசியாகத்தான்.

எமது பக்கத்தில் இதற்கு ஒரேயொரு பெயர்தான் உண்டு: மூலம். இரத்தம் போனாலும் மூலம். அடிக்கடி போகவேண்டியிருந்தால் மூலச்சூடு. போகாமல் கட்டிக்கொண்டால் அதுவும் மூலத்தின் குணம். வெயிலில் வள்ளம் தள்ளுகிறவருக்கும், வயலில் நாள்முழுக்கக் குனிந்து நிற்பவருக்கும் சூடு ஏறுவது இயல்பு என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. துத்தியிலை, கருணைக்கிழங்கு, மோர், இளநீர் என்று பரிகாரமும் கைவசம் இருக்கிறது. பலருக்கு அது உண்மையிலேயே மூலந்தான்; கைமருந்தில் சுகமும் வருகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பலருக்குச் சரியாகப் பொருந்திய பெயர், இடையில் யாரோ ஒருவரை ஏமாற்றிவிடுகிறது.

அப்படி ஏமாந்த ஒருவரை நான் அறிவேன். கடற்றொழிலாளி, ஐம்பத்திரண்டு வயது, மது அருந்தாதவர். ஒன்றரை வருடமாக இரத்தம் போயிருக்கிறது. உடம்பு இளைத்தபோது கடலில் பாடில்லை, அந்தக் கவலை என்றார். வயிறு அடைத்துக்கொண்டு, ஒருநாள் இரவு வலி பொறுக்கமுடியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பிறகே பெருங்குடலில் கட்டி இருப்பதும், அது ஈரல்வரை பரவிவிட்டதும் தெரியவந்தன. மகரகமவுக்கும் ஊருக்குமாக எட்டு மாதம் அலைந்தார்கள். அடக்கத்தின் பின்னர் அவருடைய மனைவி என்னிடம் சொன்னது இதுதான்: “உடுப்புத் தோய்க்கிற நானே காணேல்லச் சுவாமி. மனுசன் எனக்குத் தெரியாமத் தானே தோய்ச்சுப் போட்டிருக்கு.” அவர் அறியாதவர் அல்லர். தோணி எஞ்சினில் ஒரு சிறு சத்தம் மாறினாலும் கரைக்கு இழுத்துவந்து கழற்றிப் பார்க்கிற மனிதர்.

பெருங்குடல் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமான குழாய். அதன் உட்சுவரில், நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கு, சிறு காளான் போலவோ பரு போலவோ தசைவளர்ச்சிகள் தோன்றுகின்றன. இவற்றைப் பொலிப் என்பார்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் மெல்ல மெல்லப் பெருத்துப் புற்றாக மாறுகின்றன. இந்த மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவில் எடுக்கும். இந்தப் பத்து ஆண்டு என்பதை வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். புற்றுநோய் என்றாலே தலைவிதி என்று கையை விரிக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. ஆனால் இது வருவதற்குப் பல ஆண்டு முன்னறிவித்தல் தருகின்ற புற்றுநோய். பொலிப் நிலையிலேயே வெட்டி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்று வராமலேயே தடுக்கலாம். கண்டுபிடித்துக் குணப்படுத்துவது ஒருபுறமிருக்க, வராமல் செய்துவிடக்கூடிய புற்றுநோய்கள் உலகில் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

அமெரிக்கக் கணக்கின்படி, நோய் குடலைத் தாண்டாத நிலையில் பிடிபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருக்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் பிடிபட்டால் பத்துக்கு ஒருவர் அல்லது இருவர். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்கு. இது வெள்ளைக்காரரின் நோய், இறைச்சி தின்பவரின் நோய் என்று எம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. இலங்கையிலும் ஆண், பெண் இரு பாலாரிலும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களின் வரிசையில் இது முன்னணியில் நிற்கிறது. குரக்கனும் கீரையும் பயறும் தின்ற காலம் போய்ப் பணிசும் கொத்துரொட்டியும் வந்ததற்கும், உட்கார்ந்த தொழில்களுக்கும், புகைக்கும் மதுவுக்கும் இதில் பங்கு உண்டு. அதற்காகக் கீரை தின்றவருக்கு வராது என்றில்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். அறிகுறி உள்ளவர் வேறு. ஒன்றும் இல்லாதவர் வேறு. மலத்தில் இரத்தம், பல வாரமாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாமல் மெலிவது, வயிற்றில் கட்டி – இவை இருப்பவர்கள் எந்தத் திட்டத்துக்கும் காத்திராமல் நேரே வைத்தியரிடம் போகவேண்டியவர்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசியும் இரத்தமும் உண்டு. நாற்பது, ஐம்பது தாண்டிய ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், குளிசை கொடுத்து அனுப்புவதோடு விடயம் முடிந்துவிடாது. அந்த இரத்தம் எங்கே போகிறது என்று கேட்கவேண்டும். வைத்தியர் கேட்க மறந்தால் நாம் கேட்கலாம்; அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மற்றவர்கள், ஒரு குறையும் இல்லாமல் நடமாடித்திரிகிற நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள். இவர்களைப் பற்றியே நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஏனெனில் பொலிப் வலிப்பதில்லை. வலிக்காததைத் தேடிப்போவது எம் மக்களின் வழக்கத்தில் இல்லை.

தேடிப்போக இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. எமது நாட்டின் இலவச சுகாதார சேவை குறித்து நாம் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. 1980இலிருந்து தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இயங்குகிறது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதான பெண்களைக் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் வீட்டுக்கே போய் அழைத்து, கருப்பைக் கழுத்தையும் மார்பையும் பரிசோதிக்கின்றன. 2011இலிருந்து சுகவாழ்வு நிலையங்கள் வந்தன. அங்கே பிரஷர், சீனி, கொழுப்பு, உடல் நிறை எல்லாம் பார்க்கிறார்கள். வெற்றிலை போடுகிறவரின் வாயையும் பார்க்கிறார்கள். பெருங்குடலுக்கு மட்டும், குறித்த வயது வந்த எல்லாரையும் அழைத்துப் பார்க்கின்ற ஒழுங்கு நாட்டளவில் இல்லை. வாயைத் திறந்து பார்க்கும் துணிவு வந்துவிட்டது. குழாயின் மறுமுனைக்கு இன்னும் துணிவு வரவில்லை.

எதைக் கேட்பது? இதில்தான் எனக்கு ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. கொலொனொஸ்கோப்பி என்ற குடல்நோக்கிப் பரிசோதனையைச் சகலருக்கும் செய்யுங்கள் என்று கேட்பது மூதூருக்குப் பொருந்தாது. அது சிறந்த பரிசோதனை; ஐயமில்லை. பொலிப்பைக் கண்டால் அதே நேரத்தில் வெட்டியும் எடுத்துவிடலாம். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற வைத்தியர் வேண்டும், கருவி வேண்டும், கட்டில் வேண்டும், நோயாளியுடன் ஓர் ஆள் வேண்டும், இருவரின் இரண்டு நாள் கூலி போகவேண்டும். தனியாரிடம் போனால் கூலித்தொழிலாளி ஒருவரின் பலநாள் உழைப்பு ஒரு காலையில் கரைந்துவிடும். வசதியுள்ள நாடுகளிற்கூட மக்கள் இதற்கு இலகுவில் வருவதில்லை. போலந்து, நோர்வே, சுவீடன் நாடுகளில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இதற்கு அழைக்கப்பட்டவர்களில் 42 வீதத்தினரே போயிருக்கிறார்கள். சேனையூரிலும் கிளிவெட்டியிலும் இருந்து எத்தனை பேர் போவார்கள்?

மனிதன் பயணம் போகாமல் மலம் பயணம் போகிற பரிசோதனை ஒன்று இருக்கிறது. நாம் கேட்கவேண்டியது அதைத்தான். சிறிய குப்பி ஒன்று தருவார்கள். மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, மலத்தில் அந்தக் குச்சியால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டு, குப்பிக்குள் செருகி மூடிவிடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தம் அதில் இருக்கிறதா என்று ஆய்வுகூடம் பார்த்துச் சொல்லும். முன்னைய முறையில் இறைச்சியும் சில மரக்கறிகளும் தவிர்க்கவேண்டியிருந்தது. இப்போதைய முறை மனித இரத்தத்தை மட்டும் இனங்காண்பதால் சாப்பாட்டில் கட்டுப்பாடும் இல்லை. ஒருமுறை செய்து விட்டுவிடுவதல்ல. ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒன்று செய்யவேண்டும்.

இதனால் உயிர் தப்புகிறதா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 50 முதல் 80 வயதுவரையான 46,551 பேரை வைத்து நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. பழைய முறைப் பரிசோதனையையே ஆண்டுதோறும் செய்த பிரிவில், பதின்மூன்று ஆண்டுகளில், இந்நோயால் ஏற்பட்ட மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஜப்பான் 1992இலிருந்து நாற்பது வயது தாண்டிய தன் மக்களுக்கு மலப் பரிசோதனை செய்கிறது. அமெரிக்காவில் 2021இல் தொடங்கும் வயதை ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு இறக்கினார்கள். இளவயதினரிடமும் நோய் கூடிவருவதே காரணம். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் குப்பி தபாலில் வீட்டுக்கு வருகிறது. லண்டனில் குடியேறிய எமது பிள்ளைகளில் வயது வந்தவர்கள் அதை நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலுள்ள தமையனுக்குப் பணம் அனுப்பும்போது இதைப்பற்றியும் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொன்னால் என்ன?

இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அப்படி வருபவர்களில் மிகச் சிலருக்கே புற்று இருக்கும். வேறு பலருக்குப் பொலிப் இருக்கும். மீதிப்பேருக்கு மூலமோ ஒன்றுமில்லையோ இருக்கும். இவர்களுக்கு மட்டுந்தான் குடல்நோக்கி தேவை. ஆயிரம் பேரை பஸ் ஏற்றுவதற்குப் பதிலாகச் சில டசின் பேரை ஏற்றினால் போதும். ஆனால் அந்தச் சில டசின் பேருக்குத் திகதி நிச்சயமாக இருக்கவேண்டும். “உமது மலத்தில் இரத்தம் இருக்கிறது, ஒரு வருடம் கழித்து வாரும்” என்று ஒருவரை அனுப்புவதைவிட அவரைப் பரிசோதிக்காமலே விட்டிருக்கலாம். ஆகவே குப்பி கேட்கும் அதே கடிதத்தில், மாவட்ட மட்டத்தில் இவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நாட்களையும் கேட்கவேண்டும். தொண்டு நிறுவனங்களிடம் உதவி கேட்பதானால் குப்பியை அல்ல, போக்குவரத்துச் செலவையும் ஒருநாள் கூலியையும் கேட்கலாம். குப்பி அரசின் கடமை.

குடல்நோக்கிக்குப் பயப்படுவோருக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் தமையனாருக்கு ஐம்பத்துநான்கு வயதில் இந்நோய் கண்டது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் நாற்பது வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாக, இவற்றில் எது முந்தியதோ அப்போது, நேரே குடல்நோக்கியே செய்யவேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. அதன்படி நாற்பத்தைந்து வயதில் போனேன். கஷ்டம் பரிசோதனையில் இல்லை, அதற்கு முதல்நாளில்தான். திண்மமாக ஒன்றும் தின்னக்கூடாது. பிளேன்ரீ, இளநீர், வடித்த தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கலாம். சிவப்பு நிறப் பானங்கள் கூடாது. பிறகு பேதி மருந்தை லீற்றர் கணக்கில் குடித்து, குடல் தெளிந்த தண்ணீராக வரும்வரை போய்க்கொண்டிருக்கவேண்டும். அந்த இரவு மலசலகூடம் எவ்வளவு பெரிய அபிவிருத்தி என்று நன்றாக விளங்கியது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும், றமழானில் ஒரு மாதமும், தவக்காலத்தில் நாற்பது நாளும் வயிற்றைக் கட்டிப் பழகிய ஊருக்கு ஒருநாள் விரதம் பெரிதல்ல. மறுநாள் ஊசி போட்டு அரைத்தூக்கத்தில் வைத்திருந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. இரண்டு சிறு பொலிப்புகளை எடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து வரச்சொன்னார்கள். ஆயிரத்தில் ஓரிருவருக்கு இரத்தப்பெருக்கோ, அதைவிட அரிதாகக் குடலில் துளையோ ஏற்படலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னது நல்லது.

வெட்கத்தின் கதைக்கு வருவோம். 1992 ஜூலை 12ஆம் திகதி ஞாயிறு நண்பகல் செபத்துக்குக் கூடியிருந்த மக்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அன்று மாலை வைத்தியசாலைக்குப் பரிசோதனைக்காகப் போவதாகத் தம் வாயாலேயே அறிவித்தார். மூன்று நாளில் அவருடைய பெருங்குடலிலிருந்து பெரிய கட்டி ஒன்று அகற்றப்பட்டது. பெரும்பகுதி தீங்கற்றதாயினும் சில கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன. இரண்டரை ஆண்டுகளின் பின், 1995 ஜனவரியில், கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியவர் அவர்தான். அமெரிக்காவில் கேற்றி கூரிக் என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர், 42 வயதான கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தபின், 2000ஆம் ஆண்டில் தமக்குச் செய்த குடல்நோக்கிப் பரிசோதனையையே தொலைக்காட்சியில் காட்டினார். அதன் பின்னர் அந்நாட்டில் பரிசோதனைக்குப் போவோர் தொகை குறிப்பிடத்தக்க அளவு கூடியது.

எமக்குத் தொலைக்காட்சி வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தின் பின் பள்ளிவாசலில், கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தில், ஞாயிறு அறிவித்தலில் ஐந்து நிமிடம் போதும். பெண்களுக்குப் பெண் உத்தியோகத்தரே சொல்லவேண்டும். அதை ஒழுங்குபடுத்துவது சிரமமல்ல. நாட்டு வைத்தியர்களை ஒதுக்கிவிட்டு இந்த வேலை நடக்காது என்பதும் என் எண்ணம். இரத்தம் கண்டவர் முதலில் தேடிப்போவது அவர்களைத்தான். நாற்பது தாண்டியவருக்கு மூன்று வாரத்தில் குணம் தெரியாவிட்டால் மூதூர் தள வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டால் மறுக்கமாட்டார்கள். நான் பேசிப்பார்த்த ஒருவர், இதை எழுதித் தாருங்கள், சுவரில் ஒட்டுகிறேன் என்றார்.

நடைமுறையில் ஒரு தடங்கல் இருக்கிறது, அது வெயில். மலத்திலுள்ள இரத்தம் வெப்பத்தில் சிதைந்துவிடும். சிதைந்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அவுஸ்திரேலியாவில் கடும் வெப்பமான பிரதேசங்களுக்கு வெயில் மாதங்களில் குப்பி அனுப்புவதையே நிறுத்திவைக்கிறார்கள். கச்சான் காற்று வீசுகிற வைகாசி, ஆனியில் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் குப்பியை வைத்துத் திருகோணமலைக்கு அனுப்பிப் பயனில்லை. ஆனால் தடுப்பூசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் கிராமம் கிராமமாகக் கொண்டுதிரிவது எமது குடும்பநல உத்தியோகத்தர்களுக்குப் புதிதல்ல. மூதூர் மீன் ஐஸில் கெடாமல் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லையா? லாஞ்சுக்கும், துறைக்குத் துறை மிதப்புப் பாதைக்கும் காத்திருந்த காலமும் போய்விட்டது. 2009இல் கிண்ணியாப் பாலமும், அதன்பின் மற்றப் பாலங்களும் வந்துவிட்டன. காலையில் சேர்த்த குப்பி மதியத்துக்குள் நகரத்தில் இருக்கலாம்.

ஐப்பசி முதல் மார்கழிவரை மழை. மகாவலி பெருகினால் சில கிராமங்கள் துண்டிக்கப்படும். சித்திரைக்குப் பின் வெயில் ஏறிவிடும். ஆகவே தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதமே தோதானவை. சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவில், சுகவாழ்வு நிலையத்துக்கு ஏற்கெனவே வருகிறவர்களில் ஐம்பது வயது தாண்டிய இருநூறு பேரைக்கொண்டு தொடங்கிப் பார்க்கலாம். கோரிக்கைக் கடிதத்தில் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு மீனவர் சங்கமும், கமக்காரர் அமைப்பும், பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் பரிபாலன சபையும் கையொப்பமிட்டால் நல்லது. தைக்கு முன் கிடைக்கவேண்டுமானால் ஆவணிக்குள் அனுப்பவேண்டும். வரவுசெலவுத் திட்டம் போடுமுன் அது மேசையில் இருக்கவேண்டும்.

– ஓர் அருட்பணியாளர், மூதூர்